கதவுதான் தொறக்கல மிஸ்

கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு, நீங்க சொன்ன மாதிரியேதான் தவழ்ந்து வந்தேன், கதவுதான் தொறக்கல மிஸ், என்கிறாள் லித்திகா, ஐந்து வயது, தொண்டையில் இன்னும் புகை கரகரக்கிறது, நான் தப்பா செஞ்சிட்டனா மிஸ், என்று கேட்கிறாள், டீச்சர் சுகந்தமணிக்கு ஆஸ்பத்திரிச் சுவர் கரைந்து வகுப்பறைச் சுவராகிறது, தீப்பிடித்தால் தப்பிக்கும் பயிற்சி, நாற்காலிகளுக்கு நடுவே அவள் கட்டிய பழைய சேலைதான் புகை, அதனடியில் குழந்தைகள் வயிறு உரச ஊர்கிறார்கள், கட்டிலுக்கடியில ஒளியக் கூடாது, பொம்மைக்காகத் திரும்பக் கூடாது, உங்க வீட்டுல வெளிய வர எத்தனை வழி, வரைஞ்சிட்டு வாங்க, லித்திகாவின் படத்தில் முன்கதவு இருக்கிறது, பின்கதவு இருக்கவேண்டிய இடத்தில் ஒரே கறுப்புக் கிறுக்கல், இது என்ன கண்ணு, மூட்டை மிஸ்.

வேஸ்ட் துணி மூட்டைகள், அடுக்கியவர் நாச்சிமுத்து, திருப்பூரில் லித்திகா குடியிருக்கும் லைன் வீடுகளும் அவருடையவை, இந்தப் பள்ளிக்கூடமும் அவருடையது, மூட்டைகளை எடுக்கச் சொல்லி அவள் போய் நின்றபோது சிரிக்கிறார், கொழந்தைகளுக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர், பெரியவங்க சமாச்சாரத்த நாங்க பாத்துக்கறம், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது, ஏனென்றால் அந்த மத்தியானம் லித்திகாவுக்குக் காய்ச்சல், அம்மா செல்வராணிக்குப் பனியன் கம்பெனியில் லீவு இல்லை, பிள்ளையை யாரிடம் விடுவாள், வெளியே பூட்டிவிட்டு ஓடினாள், சார்ஜர் வெடித்து மெத்தையில் தீ பிடித்தது, சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தவறாமல் செய்தது அந்தக் குழந்தை, தவழ்ந்து பின்கதவுக்குப் போய்த் தள்ளியது, மூட்டை அசையவில்லை, திரும்பி முன்கதவுக்கு வந்தது, சுடுகிற தகரக் கதவை இரண்டு கையாலும் அடித்தது, பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையால் பூட்டை உடைக்கும்வரை அடித்தது.

நம்ம ஸ்கூல்ல குடுத்த ட்ரெய்னிங்தான் பொழைக்க வெச்சுது, பாராட்டு விழா நடத்தீரலாம், என்று அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொல்கிறார் நாச்சிமுத்து, செஞ்சிரலாம் சார், அதுக்கு முன்னாடி பெரியவங்களுக்கும் ஒரு கிளாஸ் எடுக்கறேன், நீங்களும் வரோணும், என்கிறாள் சுகந்தமணி.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் பெற்றோர் எல்லோருக்கும் கண்ணைக் கட்டுகிறாள், தவழ்ந்து போய்க் கதவைக் கண்டுபிடியுங்கள் என்கிறாள், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாச்சிமுத்து எல்லோருக்கும் முன்னால் சிரித்தபடி தவழ்கிறார், அவள் வெளியே வந்து பூட்டுகிறாள், பக்கத்தில் செல்வராணி நிற்கிறாள், உள்ளே முதலில் சிரிப்பு, பிறகு தட்டுதல், பிறகு இடி, யார்றா பூட்டுனது, டீச்சர், தொறங்க, மூச்சு முட்டுது.

இன்னும் புகையே போடலீங்க சார்.

உள்ளே ஒரு பெண்ணின் அழுகை கேட்கிறது, நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம், என்று கதவுக்கு அந்தப் பக்கம் கத்துகிறார் அவர், வர்லீங்க சார், மூட்டைகள எடுக்கச் சொல்லி இப்பவே போன் போடுங்க, என்றபடி சாவியைச் செல்வராணியின் உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறாள், செல்வராணி அதைப் பூட்டில் நுழைத்துவிட்டு, திருப்பாமல், கதவில் காதை வைத்து நிற்கிறாள், உள்ளே அவர் யாரையோ கூப்பிட்டு, மூட்டை, பின்வாசல், எல்லாத்தையும், என்று சொல்லி முடிக்கும்வரை.