கிரேக்கின் அறுபத்தொன்று

1

இந்தக் கதை நான் மாலையில் போகும் புள்ளியியல் வகுப்பில் கிடைத்தது. வெளிநாட்டு போர்டு ஒன்றின் பள்ளித் தேர்வில் கிரேடு எப்படி முடிவாகிறது என்று சார் விளக்கினார். எத்தனை மார்க்குக்கு ஏ, எத்தனைக்கு பி என்று முன்கூட்டியே சொல்வதில்லை. தாள்களைத் திருத்திய பிறகுதான் கோடு போடுகிறார்கள். கேள்விகள் கடினமாக இருந்தால் கோடு இறங்கும். சுலபமாக இருந்தால் ஏறும். இவ்வளவையும் டைரியில் எழுதிவிட்டு, கீழே "இதில் கதை இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டேன். இன்னும் நிச்சயமில்லை.

2

விமான் நகரில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலை, ப்ரீதி—

[வேண்டாம். தேர்வு மே மாதம். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.]

மறுபடி: 2006 மே. மறுநாள் கணக்குத் தேர்வு. எதிர் ஃப்ளாட் கிரேக் வந்து பெல் அடித்தான். ப்ரீதியும் அவனும் பத்தாவதில் ஒரே வகுப்பு. கணக்கில் பி வந்தால்தான் பதினொன்றில் அவனுக்குக் கணக்குப் பாடம் கிடைக்கும்.

"அரே டாப்பர், ப்ராபபிலிட்டியில அந்த ட்ரீ டயக்ராம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. பத்து நிமிஷம் சொல்லிக் குடேன்."

ப்ரீதி வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா விசாலாக்ஷி குரல் கொடுத்தாள். "அவளுக்குத் தலைவலிப்பா. படுத்துக்கப் போறா."

"ஓகே ஆண்ட்டி." போய்விட்டான்.

"எனக்கெங்கம்மா தலைவலி?"

"அசடே, எல்லாரும் நன்னா எழுதினா கோடு மேல போயிடும்டி. உன் ஏ என்னாறது? ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துண்டு இரு!"

ப்ரீதி கதவைச் சாத்தினாள்.

3

இந்த இடத்தில் ப்ரீதியை என்னால் நம்ப முடியவில்லை. அம்மா சொன்னதை அவள் நம்பினாளா, இல்லை மறுப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டாளா? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கதவைச் சாத்துகிறாள்.

தேர்வு முடிந்து வெளியே வந்த கிரேக் அவளைப் பார்த்துச் சிரித்தான். "அதே ட்ரீ டயக்ராம். நாலு மார்க், விட்டுட்டேன். உனக்குத் தலைவலி போச்சா?"

கிரேக்குக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் கோடு ஏறியிருக்குமா என்று அன்று சாப்பிடும்போது ப்ரீதி அப்பா விஸ்வேஸ்வரனிடம் கேட்டாள்.

"எத்தனையோ தேசத்துப் பசங்க எழுதறா. இவன் ஒருத்தன் நாலு மார்க் கூட வாங்கினா கோடு நகர்ந்துடுமா? யார் சொன்னா உனக்கு?"

விசாலாக்ஷி, "ரசம் விடட்டுமா?" என்றாள்.

(அம்மா சொன்னது முழுப் பொய் இல்லை. எல்லாரும் நன்றாக எழுதினால் கோடு ஏறத்தான் செய்யும். ஆனால் கிரேக் எல்லாரும் இல்லை.)

4

முதல் முடிவு: கிரேக்குக்கு அறுபத்தொன்று. பி கோடு அறுபத்திரண்டு. ப்ரீதி அழுகிறாள். எழுதி முடித்ததும் கூசியது. அவளைத் தண்டிப்பதற்காக அந்த ஒரு மார்க்கை வைத்திருக்கிறேன்.

இரண்டாவது முடிவு: கோடு அறுபது. அவன் தப்பித்தான். இது அவளை மன்னிப்பதற்காக. இரண்டிலும் ஆளைப் பார்த்துக் கோட்டை நகர்த்தியிருக்கிறேன்.

மூன்றாவதில் ப்ரீதி அவனிடம் போய், "கிரேக், அன்னிக்கு எனக்கு—

[அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும்.]

ஆகவே அறுபத்தொன்றை மட்டும் மாற்றாமல் விடுகிறேன். ஆகஸ்ட், ரிசல்ட் வந்த நாள். மாடிப்படியில் கிரேக் ஏறி வருகிறான், ப்ரீதி இறங்குகிறாள். பி கோட்டை நீங்கள் போடுங்கள். நிஜத்தில் அதைப் போடுகிறவர்களுக்கு எந்தப் பிள்ளையின் பெயரும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.