முப்பத்தொன்பதாவது வாக்கியம்

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்தால் மாமனாரின் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்ன வாரமே, என் மனைவி அவரை மைக் முன்னால் உட்காரவைத்து அறுபத்திரண்டு வாக்கியங்களைப் பதிந்தாள். "தண்ணி கொடும்மா." "டிவிய நிறுத்து." இப்போது அவர் கம்ப்யூட்டரில் வாக்கியத்தின் எண்ணைத் தட்டுவார், அவர் குரலே பேசும். ஒவ்வொரு ஒலிக்கோப்பையும் 'படிக்க மட்டும்' என்று அவள் பூட்டிவைத்திருந்தாள்.

போன மாதம் அந்தப் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் என் பிழைப்பு. லினக்ஸ் போட்ட வேறொன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். நேற்றுக் காலை அவள் எண்ணிப் பார்த்தால் அறுபத்தொன்றுதான் இருக்கிறது. முப்பத்தொன்பதைக் காணோம்.

"பூட்டித்தானே வச்சிருந்தேன். என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"நான் எதுக்கு அதத் தொடறேன்?" என்று எரிந்து விழுந்தேன்.

உட்கார்ந்து யோசித்ததும்தான் புரிந்தது. பழையதில் அந்தப் பூட்டு இருந்தவரை, பேசும் செயலியிலிருந்து கோப்பை அழிக்க முடியாது. லினக்ஸில் அந்தப் பூட்டு உள்ளே எழுதுவதை மட்டும்தான் தடுக்கும். அழிக்கலாமா கூடாதா என்பது ஃபோல்டரின் கையில் இருக்கிறது. பெட்டியைப் பூட்டிவிட்டு அறைக் கதவைத் திறந்துபோட்டால், பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகலாம் இல்லையா? அதைத்தான் செய்திருந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் இது எனக்குத் தெரியாதா என்ன, மறந்து தொலைத்தேன்.

"அப்பாவ இன்னொரு தடவ பேசச் சொல்ல முடியுமா?" என்று அவள் அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

நல்ல வேளை, பழைய டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை. அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினேன். முப்பத்தொன்பது அப்படியே இருந்தது. ஓடவிட்டதும் மாமனாரின் கனத்த குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மாப்பிள்ளைய நம்பி எதையும் கொடுக்காத. உருப்படியா ஒண்ணும் செய்ய மாட்டாரு."

அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் நான் உள்ளே நுழைந்தாலே இதைத் தட்டுவார். எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவேயில்லை.

திரும்பினால் வாசற்படியில் அவரே நிற்கிறார். நோட்டை எடுத்து எழுதி என்னிடம் நீட்டினார்.

'நான்தான் அழிச்சேன். பழசுல எத்தனையோ தடவ அழிக்கப் பார்த்தேன், அனுமதி இல்லைன்னே சொல்லிச்சு. புதுசுல உடனே போயிடுச்சு. மூணு மாசம் என்னைக் குளிப்பாட்டி விட்டவர இனிமே எந்த வாயால இப்படிச் சொல்றது?'

எழுதியதைக் காட்டிவிட்டு அவர் தன் அறைக்குப் போய்விட்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அவர் கண்ணில் படாத வேறொரு ஃபோல்டரில் முப்பத்தொன்பதைப் போட்டேன். இந்த முறை இரண்டு ஃபோல்டரையும் சேர்த்தே பூட்டினேன்.

"அது உங்களத் திட்டறதுங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டும். அவர் குரல்ல மொத்தமே அறுபத்திரண்டுதான் இருக்கு."