கழுவினால் போகாத புள்ளிகள்

சித்தப்பாவின் கடைக்குக் கூரை கிடையாது. ஒரு பாதாம் மரம்தான். ஸ்கூட்டர் பழுது பார்ப்பது, பம்பு வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவது, வாடிக்கையாளர்களை உட்காரவைத்துப் பொய் சொல்வது எல்லாம் அதன் அடியில்தான். மரம் போனால் மிச்சமிருப்பது ஒரு தகரப் பெட்டியும் உச்சி வெயிலும்.

அந்த மரத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து, அதைச் சுற்றி மஞ்சள் வளையம் கட்டி, அவை காலமில்லாத காலத்தில் உதிர ஆரம்பித்தன. உதிர்ந்ததில் பாதி மாடிக்காரரின் புதுக் கார் மேல் விழுந்தது. இடமும் மரமும் அவருடையவை. மேலே இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்ப்பார். கடவுளுக்கும் அவருக்கும் ஒரே வித்தியாசம், இவர் இறங்கி வந்து திட்டுவார்.

“இது தொத்து வியாதி மாதிரி இருக்கேப்பா. மனுஷனுக்குப் பரவுமா?”

“இலை இருந்தா பரவும்” என்றாள் சித்தி, கடைக் கணக்கிலிருந்து தலையை எடுக்காமல். “உங்களுக்கு இருக்கா?”

மாடிக்காரர் சித்தியிடம் பேசித் தோற்ற அனுபவசாலி. சித்தப்பா பக்கம் திரும்பினார். “புதுத் தளிர் வரட்டும். அதுலயும் புள்ளி விழுந்துச்சு, வேரோட வெட்டிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

அன்று மாலையே எனக்கு அழைப்பு வந்தது. நான் விவசாயக் கல்லூரியில் படிக்கிறேன். பயிர் நோய்ப் பாடத்தில் தேறியும் இருக்கிறேன். எப்படி என்று வாத்தியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயர் டாக்டர்.

“டாக்டர் வந்துட்டாரு. மரத்தை நாக்கை நீட்டச் சொல்லுங்க” என்று வரவேற்றாள் சித்தி.

ஓர் இலையைக் கொண்டுபோய், பூஞ்சையாக இருக்கும் என்று வாத்தியாரிடம் காட்டினேன். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பூஞ்சைதான் என்றார். நான் சொன்னது சரியாக இருந்ததில் இரண்டு பேருக்குமே அதிர்ச்சி.

“விழுந்த புள்ளி இனிமே போகாது சித்தப்பா. நல்ல இலையைத்தான் காப்பாத்த முடியும். தளிர் வந்ததும் மருந்து அடிக்கணும். அதுக்கு முன்னால கீழ கிடக்கிற குப்பையை எடுக்கணும்.”

“குப்பையா? அது உரம்டா” என்றாள் சித்தி. உதிர்ந்த இலையையெல்லாம் கூட்டி, அடிமரத்தைச் சுற்றி அழகாகக் குவித்து வைத்திருந்தாள்.

“பூஞ்சை அதுலதான் சித்தி உசிரோட இருக்கு. மழை பெய்ஞ்சா தெறிச்சு மறுபடி மேல ஏறும்.”

“அப்போ இத்தனை நாளா நோய்க்கு மெத்தை போட்டுக் குடுத்திருக்கேனா?” என்றவள், அன்றே அத்தனையையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

தளிர் வந்தது. காற்றில்லாத ஒரு காலையில், முகமூடி கட்டிக்கொண்டு, ஏணி போட்டு, தாமிர மருந்தை இலையின் மேலும் கீழும் படும்படி அடித்தேன். மருந்து காய்ந்து இலைகளின் மேல் லேசான நீலப் படலமாக நின்றது. பிரசவம் பார்த்த மருத்துவரைப் போல் பெருமையோடு விடுதிக்குத் திரும்பினேன்.

அடுத்த முறை வந்தபோது புள்ளியும் வந்திருந்தது. உச்சியில் இல்லை. கீழ்க் கிளைகளில், அதுவும் பம்பு இருக்கும் பக்கம்தான் அதிகம். ஆனால் இலைகள் எல்லாம் ஷோரூமில் நிற்கும் வண்டிபோல் பளபளவென்று இருந்தன.

“சித்தப்பா, மருந்து எங்க?”

“எந்த மருந்து?”

“இலை மேல நீலமா படிஞ்சிருந்துச்சே.”

“ஓ, அந்தக் கறையா?” சித்தப்பாவின் முகத்தில் தொழில் பெருமை. “நீ என்னமோ அவசரத்துல அடிச்சுட்டுப் போயிட்ட. ஒரே திட்டுத் திட்டா இருந்துச்சு. வர்றவங்க என்ன நினைப்பாங்க? ஷாம்பு போட்டு ஒரு வாஷ் விட்டேன். இப்போ பாரு!”

சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். “காய்ச்சல்காரனுக்கு மருந்தைத் துப்ப வெச்சு, தலைக்கும் ஊத்தியிருக்காரு.”

“இன்னைக்கு நேத்தா ஊத்துறேன்?” சித்தப்பா என்னிடம் முறையிட்டார். “ஒவ்வொரு வண்டி முடிஞ்சதும் மரத்துக்கும் ஒரு அடி அடிச்சு விடுவேன். ரோட்டுத் தூசி பூரா அது மேலதானேடா விழுது. பாவமில்லையா?”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“சித்தப்பா, இலை ஈரமாவே இருந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீங்க மேல அடிக்கலேன்னாலும், வண்டி கழுவுற சாரலே போதும். தண்ணியை வேருக்கு விடலாம். இலைக்கு ஆகாது.”

அவர் பம்பைப் பார்த்தார், கீழ்க் கிளையைப் பார்த்தார். “அப்போ நான்தானா?”

“நீங்க இல்ல. பூஞ்சை.”

“அதுக்குத் தண்ணி காட்டினது நான்தானேடா.”

இந்த நேரம் பார்த்து மாடிக்காரர் இறங்கி வந்தார். ஒரு தளிரைப் பிடித்துத் திருப்பினார். “புள்ளி. சொன்னேன்ல? மரம் வெட்டுறவன் நாளைக்கு வர்றான்.”

சித்தப்பா வாடகை விஷயத்தில்கூட அவரை எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது குறுக்கே போய் நின்றார். “மரத்து மேல தப்பில்லங்க. எல்லாம் என் பம்பு பண்ண வேலை. உச்சியைப் பாருங்க, ஒரு புள்ளி கிடையாது. அடிக்கிளையை மட்டும் கழிச்சு விடுங்க. அடுத்த தளிர் வரைக்கும் விடுங்க.”

“பம்பு இங்கதானே இருக்கப் போகுது?”

“இருக்காது.”

இடத்தில் மீதமிருந்த ஒரே மூலை, சாக்கடை ஓரம். காலை முதல் மாலை வரை வெயில் விலகாத இடம். சித்தி அதைப் பார்த்தாள், சித்தப்பாவின் வழுக்கையைப் பார்த்தாள். வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை. மாடிக்காரரிடம் மட்டும் சொன்னாள்: “மரத்தை வெட்டினா உங்க காரும் வெயில்லதான் நிக்கும். பெயின்ட் வெளுத்தா எங்க கடைக்குக் கொண்டுவராதீங்க.”

மாடிக்காரர் காரை நீண்ட நேரம் பார்த்தார். “அடுத்த தளிர் வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டு மேலேறினார். சித்தப்பா ஸ்பேனரை எடுத்து, பம்பின் அடி போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

நோய் பிடித்த கிளைகளைக் கழித்தோம். உள்ளே காற்று போக வழி வந்தது. மருந்தை மறுபடி அடித்தேன். இந்த முறை கறையைத் துடைக்க மாட்டேன் என்று சித்தப்பா சித்தி மேல் சத்தியம் செய்தார். சித்தி அதை ஏற்கவில்லை, பம்பு மேல் செய்யச் சொன்னாள்.

அடுத்த தளிரும் வந்தது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி இருந்தது. மாடிக்காரர் வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் தரும் சான்றிதழ் அப்படித்தான் இருக்கும்.

இப்போது வாடிக்கையாளர்கள் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தப்பா தலையில் ஈரத்துண்டோடு வெயிலில் நின்று அவர்களுடைய வண்டியைக் கழுவுகிறார்.

“என்னண்ணே, இவ்வளவு நிழல் இருக்கு, அங்க போய் நிக்கறீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“அதுக்கு ஈரம் ஒத்துக்காதுங்க.”

வேலை முடிந்ததும் துண்டை உதறி அங்கேயே காயப்போட்டார். கையையும் முழங்கை வரை துடைத்துக்கொண்டுதான் மரத்தடிக்கு வந்தார்.

“கட்டினவளுக்கு ஒரு நாள் இவ்வளவு பாத்திருப்பீங்களா?” என்றாள் சித்தி.

“உனக்குப் புள்ளி விழலையே” என்றார் சித்தப்பா.

சித்தி நாற்காலியை நகர்த்தி, நிழலில் அவருக்கு இடம் விட்டாள்.