பதினொரு தரம்

"இப்ப அடியும்," என்றார் கிருஷ்ணராசா.

பகீரதன் சாவியைத் திருப்பினான். வேட்டியின் கரை கிளட்சில் சிக்கிக்கொண்டது. அதைக் காலால் விலக்கிவிட்டு மறுபடி திருப்பினான். ஒன்பது நாளாக அசையாமல் நின்ற கார் ஒருமுறை குலுங்கி, இருமி, ஓடத் தொடங்கியது.

கிருஷ்ணராசாவின் வான் நடுத்தெருவில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் பற்றரியிலிருந்து இரண்டு வயர்கள் இந்தக் காருக்கு வந்திருந்தன. குட்மேய்ஸின் அந்தத் தெருவில் இரு பக்கமும் கார்கள் ஒன்றையொன்று முட்டுமாப்போல நின்றன. பன்னிரண்டு மணிக்குப் பகீரதனின் மனைவி கிரிஜாவைக் கொண்டுவருவார்கள். பெட்டி வரும் கார் நடுத்தெருவில்தான் நிற்கும், வாசலில் ஒரு கார் அளவுக்கு இடைவெளி விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் தூக்குகிறவர்கள் உள்ளே வரமுடியாது என்று சவச்சேவைக் கம்பனிப் பெண் தொலைபேசியில் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றது வேறு யாருடைய காருமல்ல. அவனும் கிரிஜாவும் மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சின்ன வெள்ளிநிறக் கார்தான்.

மணி பதினொன்று ஐந்து.

"முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சாண்தான் கிடக்கு. வலப்பக்கம் முழுக்க வெட்டி எடும்."

பகீரதன் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. இரண்டு கைகளாலும் இழுத்தான். சில்லு அரை அங்குலம் நகர்ந்து நின்றுவிட்டது. முன்னால் தட்டில் ஸ்டியரிங் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இறுகிப் போச்சண்ணை."

வாசற்படியில் நின்ற சபாநடேசன் மாமா இறங்கி வந்தார். கிரிஜாவுக்குத் தூரத்து முறையில் மாமா. பதினைந்து வருடமாக மினிகாப் ஓட்டுகிறவர். காலையிலிருந்து துக்க வீட்டில் தனக்கு ஒரு வேலை அகப்படாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது ஒன்று அகப்பட்டது.

"ஓயில் இல்லை. ஸ்டியரிங் இறுகினால் ஓயில்தான். நான் போய் ஒரு போத்தில் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

"இதுக்கு ஓயில் இல்லை மாமா. இது கரண்டிலை திரும்புற ஸ்டியரிங்."

"கரண்டெண்டாலும் ஒரு சொட்டு ஓயில் விடாமல் என்னெண்டு திரும்பும்?"

"விடுறதுக்கு ஓட்டையே இல்லை."

மாமா குனிந்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஓட்டை இல்லாத காரை என்னத்துக்கு வாங்கினவை?"

பகீரதனுக்குச் சிரிப்பு வந்தது. வாய் பாதி விரிந்த பிறகுதான் இன்று என்ன நாள் என்பது நினைவுக்கு வந்தது. மாமாவும் அதைக் கண்டார். கண்டதற்காக வெட்கப்பட்டவர்போல, பின்னால் நின்ற சிவப்புக் காரின் சொந்தக்காரரைத் தேடிப் பார்க்கிறேன் என்று தெருவின் மறுகோடிக்குப் போனார்.

கிருஷ்ணராசா கிரிஜாவின் அண்ணர். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஜேர்மனியில் பத்து வருடம் வேர்க்‌ஷொப்பில் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்து, மனோர் பார்க்கில் ரயில்பாதைக்குக் கீழே ஒரு கராச் வைத்திருக்கிறார். காரைப் பற்றி அவர் சொன்னால் பிறகு ஒருவரும் பேசுவதில்லை. அவரும் காரைப் பற்றி அல்லாமல் வேறெதையும் அதிகம் பேசுவதில்லை. இந்த ஒன்பது நாளில் அவனிடம் அவர் கேட்டதெல்லாம் சாப்பிட்டனீரோ என்பது மட்டும்தான்.

"பற்றரி செத்துப்போனால் இது நடுவை மறந்துபோகும்," என்றார் அவர். "நேர் எது, வளைவு எது எண்டு தெரியாது. மோட்டர் பேசாமல் படுத்திடும். நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி அடியும்."

நிறுத்தி அடித்தான். விளக்கு எரிந்தது. கிருஷ்ணராசா பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் எரிந்திருக்கவில்லை. மீற்றரை வைத்துப் பற்றரியை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

முன்னறை ஜன்னல் ஒரு விரலளவு திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. கிரிஜாவின் அம்மா சிவனேஸ்வரி மாமி பாரிசுக்கோ கனடாவுக்கோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை. தலையிடி எண்டுதான் சொன்னவ. மருமோன் உடனை அம்புலன்சுக்கு அடிச்சவர். ஒரு நிமிஷமும் சுணக்கேல்லை. எட்டு நிமிஷத்திலை வந்திட்டாங்கள். அவர் தன்னாலை ஆனதெல்லாம் செய்தவர். அவ்வளவுதான் அவவுக்கு எழுதிக்கிடந்தது."

அழைத்தவர்கள் எல்லோரிடமும் மாமி இதையே சொன்னார். சொற்கள் மாறவில்லை. சொல்லி முடித்ததும் குரல் கொஞ்சம் தெளிந்துவிடும். மனிசி அதில்தான் கால் ஊன்றி நிற்கிறார் என்பது பகீரதனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவன் வீட்டில் வேறு அறைக்குப் போவான். இப்போது போவதற்கு இடமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

கிருஷ்ணராசா வானிலிருந்து கையடக்கமான கருவியொன்றைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். காருக்கு என்ன வருத்தம் என்று அது எழுத்தில் காட்டும். கார்க் கதவோடு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அதன் சின்னத் திரையைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

"வோல்டேஜ் குறைவு எண்டு கிடக்கு," என்றார். "பதினொரு தரம் பதிஞ்சிருக்கு."

பகீரதன் ஸ்டியரிங்கை விட்டுக் கைகளை மடியில் வைத்தான்.

"குளிருக்குள்ளை நிண்டு தன்ரைபாட்டிலை இறங்கின பற்றரி பதினொரு தரம் விழாது. ஒருக்கால் இறங்கினால் இறங்கினதுதான். இது ஆரோ திறப்பைத் திருப்பித் திருப்பி அடிச்சது." அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீர் காரைத் தொடேல்லை எண்டனீர்."

தெருவின் மறுகோடியில் மாமா யாருடைய கதவையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"பதினொண்டெண்டு எனக்குத் தெரியாது," என்றான் பகீரதன். "நான் எண்ணேல்லை."

பிறகு சொன்னான். நிறையச் சொல்வதற்கு இருக்கவில்லை. பின்னேரம் ஆறு மணி. கிரிஜா குசினியில் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். வாந்தி எடுத்தாள். அம்புலன்சுக்கு அடிக்கிறேன் என்று அவன் போனை எடுத்தான். வேண்டாம், தலையிடிக்கெல்லாம் ஆர் அம்புலன்ஸ் கூப்பிடுகினம், தெருவெல்லாம் வெளியில் வந்து பார்க்கும், காரிலேயே போவம் என்றாள். அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் வருத்தக்காரரை எப்போதும் கிடைக்கிற வாகனத்தில் ஏற்றிக்கொண்டுதான் ஓடுவார்கள். அம்புலன்ஸ் என்பது செத்தவர்களுக்கு வருவது. அவளைப் பிடித்துக்கொண்டுவந்து பக்கத்து சீற்றில் இருத்தி பெல்ற் போட்டுவிட்டான். சாவியைத் திருப்பினான். டிக் என்றது. மறுபடி டிக் என்றது. இன்னும் ஒருக்கால் அடித்தால் எழும்பும், காலையிலும் அப்படித்தானே எழும்பியது என்று ஒவ்வொரு முறையும் நினைத்தான். நடுவில் ஒருமுறை இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து பற்றரித் தலைகளை ஆட்டிப் பார்த்தான். திரும்பி வந்து ஏறியபோது கிரிஜா தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அதன் பிறகுதான் போன் எடுத்தான்.

"எவ்வளவு நேரம்?"

"கால் மணித்தியாலம் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"முந்தி வந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவரல்லோ?"

"டொக்டருக்கும் நான் நேரத்தை மாத்தித்தான் சொன்னனான் அண்ணை."

கிருஷ்ணராசா கருவியைக் கழற்றினார். அதன் வயரை ஒழுங்காகச் சுற்றினார். எழும்பி நின்று எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இரண்டு பக்கக் கவ்விகளையும் கழற்றி, வயர்களைத் தோளில் போட்டுக்கொண்டு வானுக்குப் பின்னால் போனார். பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் வெகுநேரம் வரவில்லை. ஒரு சாமானும் அசையும் சத்தமில்லை. வானை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று பகீரதன் எண்ணினான். போனால் நல்லது என்றும் ஒரு கணம் எண்ணினான்.

அவர் ஒரு பற்றரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதியது. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் ரேப்பில் கறுப்பு மார்க்கரால் கிரிஜா என்று எழுதியிருந்தது. கராச்சில் அவர் எல்லாச் சாமானிலும் அப்படித்தான் ஆளின் பெயரை எழுதி வைப்பார்.

அதை நடைபாதையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார்.

"தீபாவளிக்கு வந்தண்டு அவ என்னட்டைச் சொன்னவ. அண்ணா, விடிய கார் எழும்பக் கஷ்டப்படுது எண்டு. அடுத்தநாளே ஓடர் பண்ணி எடுத்திட்டன்." அவர் தாடையைத் தடவினார். "ரண்டரை மாசமா வானுக்குள்ளையே கொண்டு திரியிறன். இந்தப் பக்கம் எத்தினை தரம் வந்திருப்பன். அடுத்த முறை போடுவம், ஒரு பத்து நிமிஷ வேலைதானே எண்டு."

பகீரதன் பற்றரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இண்டைக்கும் இதை வெளியிலை எடுக்க மனம் வரேல்லை. அதுதான் வயர் போட்டனான்."

 கிருஷ்ணராசா கோட்டைக் கழற்றி மதிலில் போட்டார். சாவு வீட்டுக்கென்று உடுத்த வெள்ளைச் சேட்டின் கைகளை மடித்துவிட்டு, பழைய பற்றரியின் தலைகளைக் கழற்றினார். பகீரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து மறுபக்கம் பிடித்தான். பழையதைத் தூக்கி வெளியே வைத்தார்கள். புதியதை இறக்கினார்கள். அது சரியாகப் போய் இருந்தது. ரேப்பை உரிப்பதா விடுவதா என்று கிருஷ்ணராசாவின் விரல் அதன் நுனியில் ஒருகணம் நின்றது. விட்டுவிட்டு நட்டுகளை இறுக்கினார். உண்மையில் பத்து நிமிடமும் ஆகவில்லை.

"அடியும்."

ஒரே திருப்பில் எழும்பியது. மஞ்சள் விளக்கு அப்போதும் எரிந்தது. அவர் கருவியைச் செருகிப் பழைய பதிவை அழித்தார்.

"இனி இடப்பக்கம் முழுக்கத் திருப்பும். பாரமாத்தான் இருக்கும், விடாதையும். முட்டும் வரைக்கும்."

பகீரதன் உடம்பைக் கொடுத்துத் திருப்பினான். சில்லு தாரை உரசியபடி திரும்பி முட்டியது.

"பிடிச்சுக்கொண்டிரும். இப்ப வலப்பக்கம். அங்கையும் முட்டட்டும்."

அந்தப் பக்கம் பாதி போகும்போதே கைக்குள் ஏதோ இளகியது. மோட்டர் மெல்லிய குரலில் முனகியது. ஸ்டியரிங் தானாக வருவதுபோல வந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தான். விளக்கு இல்லை.

மணி பன்னிரண்டாக இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

"மாமி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறா," என்றான் பகீரதன். "என்னாலை கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. அவவுக்குச் சொல்லவேணும்."

கிருஷ்ணராசா துணியில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"சொல்லும்," என்றார். "இண்டைக்கு வேண்டாம். இண்டையிலிருந்து எட்டாம் நாள் சடங்கு முடியட்டும். சொல்லேக்கை என்னையும் கூப்பிடும். தனியச் சொல்லாதையும். பற்றரிக் கதையை நான்தான் சொல்லவேணும்."

"நீங்கள் அதைச் சொல்லத் தேவையில்லையண்ணை."

"வலப்பக்கம் வெட்டி எடும். நான் பின்னுக்குப் பாக்கிறன்."

அவர் கை காட்ட, பகீரதன் நாலு தரம் முன்னும் பின்னுமாக எடுத்துக் காரை வெளியே கொண்டுவந்தான். சபாநடேசன் மாமா சிவப்புக் காரின் சொந்தக்காரனையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். இழுத்துக்கொண்டுவந்த ஆளை என்ன செய்வதென்று தெரியாமல், "எல்லாம் சரி, நீர் போம்," என்று தமிழிலேயே சொல்லி அனுப்பிவிட்டு, "ஓயில் விட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா," என்றார் கிருஷ்ணராசா.

இரண்டு தெரு தள்ளித்தான் இடம் கிடைத்தது. காரை விட்டுவிட்டுப் பகீரதன் நடந்து வந்தான். மேலே ஸ்வெற்றரும் கீழே வேட்டியுமாக வந்தவனைப் பஸ் தரிப்பில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். குளிர் முழங்கால் வரை ஏறியிருந்தது. விரல்களில் ஸ்டியரிங்கின் பாரம் இன்னும் இருந்தது.

மூலையில் திரும்பியபோது, வாசலுக்கு நேரே இருந்த இடைவெளியின் நடுவில் கிருஷ்ணராசா நிற்பது தெரிந்தது. வானையும் எங்கோ கொண்டுபோய் விட்டிருந்தார். கோட்டைத் திரும்பப் போட்டு எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தார். நீல நிறக் காரொன்று இடம் கண்டு சிக்னல் போட்டு மெதுவாக வந்தது. உள்ளே ஒரு இளம் வெள்ளைக்காரி. அவர் அசையாமல் நின்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் கண்ணாடியை இறக்கி ஏதோ கேட்டாள். அவர் திரும்பித் திறந்திருந்த வீட்டுக் கதவைக் காட்டினார். அவள் வீட்டைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள், கையை உயர்த்தி மன்னிப்புப்போல ஏதோ காட்டிவிட்டுப் போனாள்.

பகீரதன் கிட்டப் போனான். கிருஷ்ணராசா ஓரமாக ஓர் அடி விலகினார்.

அவன் அந்த இடத்தில் நின்றான். ஒன்பது நாள் கார் நின்ற இடத்தில் மட்டும் தார் உலர்ந்து, நீள்சதுரமாக, மழை படாமல் வெளுத்துக் கிடந்தது. இருவரும் அதன் மேல் தெருவைப் பார்த்தபடி நின்றார்கள். இன்னொரு கார் வேகத்தைக் குறைத்தது. இம்முறை பகீரதன் கையைத் தூக்கினான்.