தெற்குத் தெருவில் மணல் தூவும் திட்டம்

புன்னைமேட்டின் தெற்குத் தெருவில் மார்கழி முதல் தேதி விடிவதற்குள் ரோடு உறைந்துவிடும். போகியன்று உருகத் தொடங்கி, பொங்கல் மத்தியானத்துக்குள் வாய்க்காலில் போய்ச் சேர்ந்துவிடும். கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. வடக்குத் தெருவில் வெறும் பனிதான் பெய்யும், பள்ளிக்கூடத் தெருவில் அதுகூடக் குறைவு. தெற்குத் தெருவில் மட்டும் அரை விரல் தடிமனுக்கு, முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி பனிக்கட்டி பிடித்துக் கிடக்கும். சிமெண்ட் ரோடு போட்ட வருஷத்திலிருந்து இப்படி. காண்ட்ராக்டர் எதையோ கலந்துவிட்டார் என்று முதல் வருஷம் பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வருஷம் அவர் தேர்தலில் நின்று வீட்டுக்கு வீடு புடவை கொடுத்ததால் அந்தப் பேச்சு ஓய்ந்தது. அதற்கப்புறம் பால்காரர்கள் சைக்கிள் டயரில் கயிறு சுற்றிக்கொண்டு வரப் பழகிக்கொண்டார்கள். தீபாவளிக்கு வெடி வந்து இறங்குவதுபோல மளிகைக் கடையில் கார்த்திகைக் கடைசியிலேயே தேங்காய்நார்க் கயிறு வந்து இறங்கியது.

ரோடு உறைந்தாலும் மார்கழி மார்கழிதான். தெற்குத் தெருப் பெண்கள் இருட்டோடு எழுந்து, பனிக்கட்டியின் மேலேயே சாணம் கரைத்த தண்ணீரைத் தெளித்து, அதன்மேல் கோலம் போட்டார்கள். அந்தத் தண்ணீரும் மறுநாள் உறைந்தது, கோலம் உள்ளே மாட்டிக்கொண்டது. இப்படி நாளுக்கு ஒரு கோலமாக அடுக்கு அடுக்காகச் சேர்ந்து, மாதக் கடைசியில் குனிந்து பார்த்தால் தாமரைக்குக் கீழே தேர், தேருக்குக் கீழே மயில், மயிலுக்குக் கீழே அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று என்று தெரியும். போகியன்று உருகும்போது கடைசிக் கோலம் முதலில் வெளியே வரும், முதல் தேதிக் கோலம் கடைசியில் வரும். அப்போது யார் எந்தத் தேதியில் சிக்குக் கோலத்தைத் தப்பாக வளைத்தார்கள் என்று தெருவே நின்று பார்க்கும். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் இதற்காகவே ஒருநாள் முன்னதாகப் பொங்கலுக்கு வந்தார்கள்.

செல்வகுமாரி மதகடிப்பட்டுப் பக்கத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: பார்த்து நட. அம்மா சொன்னாள், கணக்கு டீச்சர் சொன்னார், மணமேடையைச் சுற்றி வரும்போது புடவை தடுக்கியபோது ஐயரும் மந்திரத்துக்கு நடுவில் சொன்னார். டம்ளர் விழுந்தாலும், பால் பொங்கினாலும், பஸ் முன்னாலேயே போய்விட்டாலும் அவள் பார்க்காததால்தான் என்று ஆகிவிடும். அவளும் பார்த்தாள். பார்த்துப் பார்த்து, தெருவில் எதிரே வருகிறவர்களின் முகத்தைவிடச் செருப்புகளே அவளுக்கு நன்றாகத் தெரிந்தன. அப்படியிருந்தும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்கழியில், சாப்பாட்டுப் பையோடு தன் வாசலிலேயே வழுக்கி உட்கார்ந்து, உட்கார்ந்த வாக்கில் தெருவின் பாதி நீளத்துக்குச் சறுக்கிக்கொண்டே போனாள். கோலத்திலிருந்து நிமிர்ந்தவர்கள் அவள் தங்கள் வாசலைக் கடக்கும்போது ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். "பார்த்து வரக் கூடாதாடி?" என்றாள் பக்கத்து வீட்டு ருக்குமணி. "பார்த்துப் போம்மா" என்றார் அதே தெருப் பெரியவர் பலராமன், அவள் ஏதோ தன் இஷ்டத்துக்குப் போவதுபோல. கடைசியில் மின்கம்பத்தில் மோதி நின்றபோது இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில், கவனக்குறைவால் கீழே விழுந்தார் என்று எழுதிக் கொடுத்தார்கள். புருஷன் அன்புராஜ் கெட்டவனில்லை. அந்த மாதம் முழுக்க அவன்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டான். ஆனால் பின்னும்போதெல்லாம், "நீ மட்டும் பார்த்து நடந்திருந்தா..." என்று ஆரம்பிப்பான்.

அந்த ஒரு வார்த்தை, கவனக்குறைவு, மாவுக்கட்டு பிரித்த பிறகும் அவளுக்குள் பிரியவில்லை. கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும்போதும் அது கூடவே உட்கார்ந்திருந்தது. அவள் உண்மையிலேயே பார்த்துத்தான் நடந்தாள். அதை அவளைத் தவிர யாரும் சொல்லப்போவதில்லை, அவள் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வருகிற தேவி, அவள் பக்கத்து மேஜைக்காரி, ஒருநாள் கேட்டாள்.

"ரோடு ஒறஞ்சா மணலு கொட்டணுமா வேணாமா? உங்க கொம்யூன் பஞ்சாயத்துல இன்னாதான் பண்றாங்க?"

"யாருக்குத் தெரியும்."

"தெரியலன்னா கேளுடி. ஆர்டிஐ போடு. எங்க தெருவுல லைட்டு எப்ப வரும்னு நான் போட்டேன்."

"வந்துச்சா?"

"லைட்டு வரல. பதில் வந்துச்சு."

பதில் போதும் என்று செல்வகுமாரிக்குத் தோன்றியது. பன்னிரண்டாவது வரை படித்த கையெழுத்தில் தகவல் அறியும் உரிமை மனுவை எழுதினாள்: தெற்குத் தெருவில் மார்கழி மாதம் உறையும் பனிக்கட்டியின்மேல் மணல் தூவக் கொம்யூன் பஞ்சாயத்து வைத்திருக்கும் திட்டம் என்ன, தூவுவது மணலா உப்பா ஜல்லித்தூளா, எந்த நேரத்துக்குள் தூவ வேண்டும், தூவாமல் யாராவது விழுந்தால் அது யாருடைய கவனக்குறைவு. கடைசிக் கேள்வியை மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

முதல் பதில் மாசியில் வந்தது. பனி என்பது வேளாண்மைத் துறைக்கும், பனிக்கட்டி என்பது மீன்வளத் துறைக்கும் உரிய பொருள் என்பதால் மனு அவ்விரு துறைகளுக்கும் அனுப்பப்படுகிறது என்றது. வேளாண்மையிலிருந்து மணிலாக்கொட்டைப் பயிரைப் பனியிலிருந்து காப்பது எப்படி என்று ஒரு துண்டறிக்கை வந்தது. மீன்வளத்திலிருந்து மரியாதையான கடிதம் வந்தது: பனிக்கட்டிக்குள் மீன் இருந்தால் மட்டுமே தங்கள் துறை தலையிட முடியும். பலராமன் வீட்டு எதிரில் போன மார்கழியில் ஒரு கெளுத்தி உறைந்திருந்தது உண்மை. ஆனால் அதைச் சொன்னால் விஷயம் மீனோடு போய்விடும் என்று செல்வகுமாரி வாயைத் திறக்கவில்லை. சித்திரை அக்னி நட்சத்திரத்தில் கொம்யூன் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். ரோட்டைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டார். பனிக்கட்டி காணப்படவில்லை, தரையில் கால் வைக்க முடியவில்லை என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். செல்வகுமாரி மேல்முறையீடு செய்தாள். அது கார்த்திகை வரை தூங்கியது.

மார்கழி பிறந்ததும் அதே ஆள் மறுபடி வந்தார், இந்தத் தடவை விடியற்காலையில். பனிக்கட்டியைப் பார்த்தார். அதன்மேல் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் தெளிப்பதையும் பார்த்தார். அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. தெருவாசிகள், குறிப்பாகப் பெண்கள், குளிர்காலத்தில் ரோட்டில் தண்ணீர் ஊற்றுவதாலேயே அது உறைகிறது, எனவே விழுவது அவரவர் கவனக்குறைவே.

"மார்கழில வாசல் தெளிக்காம இன்னாத்த பண்றதாம்?" என்று ருக்குமணி தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "அந்தாளு வூட்ல பொம்பளைங்க யாரும் இல்லியா?"

செல்வகுமாரி கத்தவில்லை. ஒருவேளை நிஜமாகவே தான்தானோ? தன் கையால் தெளித்த தண்ணீரில் தானே விழுந்தோமோ? இத்தனை பேர் இத்தனை வருஷமாகச் சொன்னது பொய்யாக இருக்குமா? அன்று முழுக்க இதையே யோசித்தாள். அடுத்த நாள் காலை தெருவில் யாரும் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தாள். வாசல் தெளிக்கவில்லை, கோலம் போடவில்லை, வாளியைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கதவருகில் நின்றாள்.

தெளிக்காத வாசலுக்கு இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். முதலில் ருக்குமணி வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பிறகு பலராமன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, நாற்காலி இல்லாததால் நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"எப்ப எடுக்கறாங்க?"

"யாரை மாமா?"

"அதத்தாம்மா நானும் கேக்கறேன்."

உள்ளேயிருந்து அன்புராஜ் பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தான். அவனைப் பார்த்ததும் பலராமனுக்கு முகம் விழுந்துவிட்டது. துக்கம் கேட்க வந்த இடத்தில் சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்ததால், "உடம்ப பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னாடி இது, என்னை உயிரோடயே அனுப்பிடுவ போலக்குதே" என்றான் அன்புராஜ்.

"ஒரே ஒரு நாளுப்பா. நாளைக்குப் பார்க்கலாம்."

மறுநாள் அவள் வாசலில் பனிக்கட்டி தெளித்த வாசல்களைப் போலவே இன்னும் ஓர் அடுக்கு கூடியிருந்தது. தண்ணீர் படாததால் இன்னும் தெளிவாக இருந்தது, அவ்வளவுதான். செல்வகுமாரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் அன்புராஜ் செத்துவிட்டதாகத் திருக்கனூரில் இருக்கிற அவன் அத்தைக்குத் தகவல் போய், அவர் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கி, கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

மேல்முறையீட்டு அதிகாரி புகழ்வேந்தன் நேரில் பார்த்து முடிவு செய்கிறேன் என்று வந்தார். குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், பளபளப்பான ஷூ. ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, சித்திரையில் வந்தவர் பின்னால் கோப்போடு தொடர, மிக நிதானமாக, ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தார். அவ்வளவு கவனமாக ஒரு மனிதர் நடந்து தெற்குத் தெரு பார்த்ததில்லை. செல்வகுமாரி போனில் இருந்த படத்தைக் காட்டக் கையை நீட்டியபோது அவருடைய இரண்டு காலும் ஒரே சமயத்தில் முன்னால் போயின. உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கில் புறப்பட்டார். தாமரையையும் தேரையும் கடந்து, குல்லாய் கண்வரை இறங்க, எந்த அவசரமும் இல்லாமல் சறுக்கிக்கொண்டே போனார். தெரு தன் பழக்கப்படி வாசலுக்கு வாசல் நிமிர்ந்தது.

"பார்த்து வரக் கூடாதா சார்?"

"ஷூ போட்டுக்கினு வரலாமா சார், பார்த்து வரணும் இல்ல?"

"சார், பார்த்துப் போங்க சார்."

மின்கம்பத்தில் மோதி நின்றார். செல்வகுமாரி ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவர் எழுந்திருக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வலி இல்லை. வேறொன்று இருந்தது. அது என்னவென்று அவளுக்கு உடனே தெரிந்தது, கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

"நீங்க பார்த்துத்தான் வந்தீங்க சார்" என்றாள். "நான் பார்த்தேன். ரோடு அப்படி."

புகழ்வேந்தன் குல்லாயை மேலே தள்ளினார்.

"எங்க வூட்லயும் எதுக்கெடுத்தாலும் இதாம்மா சொல்றாங்க" என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்தபடி, கோப்போடு வந்தவரைக் கூப்பிட்டு உத்தரவை எழுதச் சொன்னார்: மேற்படி தெருவில் பனிக்கட்டி உறைகிறது, அது வாசல் தெளிப்பதால் அல்ல, மனுதாரர் கவனமாகவே நடந்திருக்கிறார், அலுவலகம் ஒரு மாதத்துக்குள் மணல் தூவும் திட்டம் வகுத்து மனுதாரருக்குத் தர வேண்டும்.

உத்தரவின் நகலை அவள் கம்பெனி பஸ்ஸில் படித்தாள். ஆனந்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள், அப்படி இல்லை. வெகுநாளாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றதும் காது அடைக்குமே, அப்படி இருந்தது. அப்போதுதான், மற்றவர்கள் அவ்வப்போது சொன்னதைத் தானே நாள் முழுக்கத் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கரும்பு பூத்திருந்தது. இந்த வழியாக இத்தனை வருஷம் போயும் அது பூக்கும் என்று அவள் கவனித்ததில்லை. அன்று ராத்திரி சமையலறையில் டம்ளர் விழுந்தது. அன்புராஜ் வழக்கம்போல வாயெடுத்தான்.

"பார்த்துத்தான் வெச்சேன்" என்றாள். "விழுந்துடுச்சு."

அவன் டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குனிந்து எடுத்துக் கழுவி வைத்தான்.

திட்டம் வந்தது. கொம்யூனின் வருடாந்திர வேலைகளில், கொசுமருந்துப் புகை அடிப்பதற்கும் தெருநாய் பிடிப்பதற்கும் நடுவில், தெற்குத் தெருப் பனிக்கட்டிக்கு மணல் என்று ஒரு வரி சேர்ந்தது. மீன்வளத் துறைக்கும் தகவலுக்காக ஒரு நகல் போனது. மணல் சொன்னபடி ஒரு லாரி வந்து பலராமன் வீட்டெதிரே இறங்கியது, ஆனால் வைகாசியில். மார்கழி வருவதற்குள் அதில் பாதி பலராமன் வீட்டுப் புதுக் குளியலறைச் சுவருக்குள் போயிருந்தது, மீதியில் பூனைகள் குடியிருந்தன. யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷத்துக்கும் ஒதுக்கியிருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

அந்த மார்கழி நான்காம் தேதி, செல்வகுமாரி வானத்தில் பஞ்சுமாதிரி எதையோ பார்த்துக்கொண்டே வந்து மறுபடி விழுந்தாள். அடி ஒன்றும் இல்லை. பனிக்கட்டியின்மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். கீழே நேற்றுப் போட்ட கோலம் துலக்கமாகத் தெரிந்தது. ருக்குமணி கோலப்பொடிக் கிண்ணத்தோடு தலையைத் தூக்கினாள்.

"விழுந்துட்டியா?"

"விழுந்துட்டேன்க்கா."

"சரி, கொஞ்சம் ஓரமா நவுந்து ஒக்காரு. புள்ளி வெக்கணும்."

செல்வகுமாரி நகர்ந்து உட்கார்ந்தாள். பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.