பூமியின் விலாசம்

நமுனுகுல மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது, கைப்பேசியில் கேட்ட செய்தியை விஜயலெட்சுமி பக்கத்து நிரையிலிருந்த புஷ்பராணியிடம் சொன்னாள்.

"வேற உலகத்துல யாராச்சும் இருந்தா தெரியட்டும்னு, பூமியோட விலாசத்தை வானத்துக்கு அனுப்புனாங்களாம். வருசக்கணக்காகியும் பதில் இல்லையாம். அங்க யாருமே இல்ல போலருக்கு."

புஷ்பராணி கொழுந்தைக் கூடைக்குள் போட்டாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். மகளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம், தேர்வு முடிந்து பத்து நாள் கழித்தே அவள் கைக்குக் கிடைத்திருந்தது. மகள் வரவில்லை என்று தேர்வு நடந்த இடத்தில் எழுதியிருப்பார்கள்.

"ஆளுங்க இருப்பாங்க," என்றாள் புஷ்பராணி. "பதிலும் எப்பவோ போட்டிருப்பாங்க. இங்க எந்த ஆபீசு மேசையில கெடக்குதோ."