டிக்கெட் வாங்காதவர்கள் பார்த்த சண்டை

ஞாயிறு மதியம் ஆகியும் ஜிம் ஹாலில் ஈ காக்கை இல்லை. சந்திரமௌலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்காமல் பின்னே? இன்று மாலைக்குள் புது ஆட்கள் சேராவிட்டால் ஹாலை டேபிள் டென்னிஸ்காரர்களுக்குக் கொடுத்துவிடுவதாக நகரசபை அதிகாரி லிண்ட்னர் சொல்லியிருந்தார். ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் உலோக ஆராய்ச்சி என்று பகல் முழுக்க உலைக்கு முன்னால் வேகிற ராயபுரத்துக்காரனுக்கு மூச்சுவிட இருந்தது இந்தக் குத்துச்சண்டை கிளப் ஒன்றுதான். இதுவும் போனால் பைத்தியம் பிடித்துவிடும்.

முன்பெல்லாம் பெரிய சண்டை டெலிவிஷனில் வந்தால் மறுநாள் இங்கே வாசல் கொள்ளாது. ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர் என்று அதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் கையுறை கேட்டு நிற்பார்கள். இந்த 1974இல் எந்தப் புண்ணியவானோ நேற்று லண்டனில் நடந்த சண்டையின் ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக வாங்கி, சினிமா தியேட்டரில் மட்டும் டிக்கெட் போட்டுக் காட்டினான். வீட்டுப் பெட்டியில் பாட்டுக் கச்சேரி ஓடியது. தெருவில் பாதிப் பேருக்குச் சண்டை நடந்ததே தெரியாது. நாசமாய்ப் போக!

மௌலியும் ஆய்வுக்கூடத்து நண்பன் உமாபதியும் தியேட்டருக்குப் போயிருந்தார்கள். இரண்டாவது ரவுண்டிலேயே ஒருவன் விழுந்தான். விளக்கைப் போட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வழியாகப் போன ட்ராம் ஓட்டுநர் வில்லி கதவுக்குள் தலையை நீட்டினார். நல்ல ஆஜானுபாகு. "நேற்று ஏதோ சண்டையாமே? யார் ஜெயித்தது?"

பேரைச் சொன்னால் ஆள் போய்விடுவார். ராயபுரத்தில் சண்டை பார்க்காதவனுக்குப் பார்த்தவன் நடித்துத்தான் காட்டுவான். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் அங்கே யாரும் கோபிக்க மாட்டார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று மௌலி துணிந்துவிட்டான்.

"உள்ளே வாருங்கள், காட்டுகிறேன்!"

குனிந்தான், விலகினான், காற்றைக் குத்தினான். மூன்றாவது ரவுண்டில் ஒருவனுக்குப் புருவத்தைக் கிழித்தான். ஜன்னலில் நின்று பார்த்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ரொட்டிக்கடைக்காரரும் வந்தார்.

"டேய் மௌலி, மூணாவது ரவுண்டே கிடையாதுடா! ரொம்ப ஓவரா போற, ஸ்டாப் பண்ணு!" என்று அந்த நேரம் வந்து சேர்ந்த உமாபதி தமிழில் பல்லைக் கடித்தான்.

"சும்மா இருடா. எத்தினி பேர் வர்றாங்க பாரு!"

எட்டாவது ரவுண்டில், விழுந்தவனை மௌலி எழுப்பிக்கொண்டிருந்தபோது லிண்ட்னர் வந்து நின்றார்.

"எட்டாவதா? நேற்று நானும் தியேட்டரில் இருந்தேனே. இரண்டாவதிலேயே முடிந்துவிட்டது."

வில்லியின் முகம் சிவந்தது. "இவர் சொல்வது நிஜமா?"

மௌலிக்கு உடம்பெல்லாம் கூசியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"நிஜம்தான். நான் சொன்னது பொய். இரண்டே ரவுண்ட் என்றால் நின்றிருப்பீர்களா?"

சிலர் வாசலுக்குத் திரும்பினார்கள். வில்லி திரும்பவில்லை. கோட்டைக் கழற்றினார். "அந்த எட்டாவது ரவுண்டை என்னிடம் காட்டு."

மௌலி கையுறையை எடுத்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் வெயிட் என்ன, உன் வெயிட் என்ன?" என்று உமாபதி குறுக்கே வந்தான்.

மௌலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான். "மானம் போச்சுடா. இதாவது நெஜமா இருக்கட்டும்."

இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு கயிறு கட்டிய சண்டை மேடையில் ஏறினார்கள். வாசலுக்குப் போனவர்கள் நின்றார்கள். மௌலி இரண்டு முறை விலகி, மூன்றாம் முறை இடது கையை வில்லியின் விலாவில் இறக்கினான். அம்மாடி, அந்த மலை ஒரு கணம் ஆடிப்போனது! அடுத்து வில்லியின் வலது கை வந்தது. அது வந்ததை மௌலி பார்க்கக்கூட இல்லை.

மூக்கில் ரத்தத்தோடு தரையில் கிடந்தான். காதில் ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து, "ஐன்ஸ்! ட்ஸ்வை! ட்ரை!" என்று ஜெர்மனில் எண்ணும் குரல்கள் மெல்லக் கேட்டன. கூட்டம் முழுக்கக் கூடி எண்ணியது. எல்லோரையும்விட உரக்க எண்ணியவர் லிண்ட்னர்.

ஐந்திலேயே எழுந்திருக்கலாம். இத்தனை குரல்களை இந்த ஹால் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று மௌலி சந்தோஷமாகப் படுத்திருந்தான். பத்து எண்ணிவிட்டால் தோற்றதாகிவிடும்; ஒன்பதில் எழுந்தான்.

வில்லி விலாவைப் பிடித்துக்கொண்டு, "அந்த இடது கைக் குத்தை எனக்குக் கற்றுக்கொடு," என்றார். அவருக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.